துடுப்பின் நீளம்

துடுப்பு என்னும் சொல் எனக்கு முதலில் சமையலறை வழியாகத்தான் அறிமுகமானது. கேழ்வரகுக் களி கிண்டுவதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு மரத் துடுப்பு இருந்தது. கைப்பிடி உருண்டையாகவும் முனை தட்டையாகவும் இருக்கும். அடிப்பிடிக்கத் தொடங்கும் களியைப் பாட்டி அதைக் கொண்டுதான் புரட்டுவாள். கடலில் செல்பவர்கள் கையில் இருப்பதும் துடுப்புதான் என்று பின்னாளில் பாடப்புத்தகத்தில் படித்தபோது அது வேடிக்கையாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் துழாவும் கருவிகள். ஒன்று பானைக்குள் இருப்பதை நகர்த்துகிறது; மற்றது தன்னைப் பிடித்திருக்கும் மனிதனையே நகர்த்துகிறது.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு முதல் துடுப்பைப் பற்றித் தெரிந்த அளவுக்கு இரண்டாவதைப் பற்றித் தெரியாமல் போவது இயல்பு. மாட வீதியிலிருந்து கடற்கரைக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஆனாலும் எங்களுக்குக் கடல் என்பது மாலையில் காற்று வாங்கும் இடம். அதற்குள் போய்த் திரும்புகிற வேலை நொச்சிக்குப்பத்தாருடையது, பட்டினப்பாக்கத்தாருடையது. அவர்கள் கொண்டுவருவதை வாங்குவதோடு எங்கள் உறவு முடிந்துவிடும். 2024இல் லூப் சாலையில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்ட பிறகு அந்த உறவுக்குக் கூரையும் கிடைத்துவிட்டது.

இந்த வயதில் துடுப்பைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் நேர்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். வயது இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வேறொருவர் பயன்படுத்திய மீன்பிடிக் கயாக் ஒன்றை வாங்கிவிட்டான். 12 அடி நீளம், 34 அங்குல அகலம். சற்று உயர்த்தி வைத்த இருக்கை. தூண்டில் கோல்களைச் செருகி வைக்கக் குழிகள். துடுப்பு மட்டும் அதோடு வரவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "படகு வாங்கிட்டான். இனிமே வேண்டாம்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. துடுப்பையாவது நீ கூட இருந்து பாத்து வாங்கிக் குடுடா."

நீச்சல் தெரியாத தம்பியிடம் இந்தப் பொறுப்பை அவள் ஒப்படைத்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மிக்ஸி வாங்குவதாக இருந்தாலும் ஒரு மாதம் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன் என்பது குடும்பத்தில் பிரசித்தம்.

*

படித்தேன். கயாக் துடுப்பு இருமுனைத் துடுப்பு. நடுவில் நீண்ட காம்பு, இரண்டு பக்கமும் தட்டையான அலகு. அதைத் தேர்ந்தெடுப்பதில் கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி உயரம், இரண்டாவது கேள்வி படகின் அகலம். ஒடுங்கிய பயணக் கயாக்குக்கு 220 சென்டிமீட்டர் போதும். மீன்பிடிக் கயாக் அகலமானது. தூண்டில் போடும்போது ஆடாமல் நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இருக்கையும் உயரம். அதில் குட்டைத் துடுப்பைப் பிடித்தால் விரல் முட்டிகள் படகின் ஓரத்தில் இடிக்கும். ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்ந்து நீரை எட்ட வேண்டியிருக்கும். ஆகவே 240, 250, சில நேரம் 260 வரை போகிறார்கள். அதற்காக நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. துடுப்பு படகை விட்டு விலகி விழ விழ, படகு நேராகப் போகாமல் இடமும் வலமுமாகத் தலையாட்டத் தொடங்கும். தோளுக்கும் சுமை ஏறும்.

அடுத்தது அலகின் வடிவம். அகன்று குட்டையான அலகு நீரை வன்மையாகப் பிடிக்கும். அது துடுப்பைச் செங்குத்தாக ஊன்றி வேகமாகப் போகிறவர்களுக்கானது. நீண்டு ஒடுங்கிய அலகு துடுப்பைப் படுத்தவாக்கில் போட்டு நிதானமாகப் போகிறவர்களுக்கு. மீன் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இரண்டு அலகுகளையும் ஒரே தளத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று திருப்பி வைக்கும் வசதியும் உண்டு. எதிர்காற்றில், நீருக்கு மேலே இருக்கும் அலகு காற்றை முகத்தால் அறையாமல் விளிம்பால் கிழிக்கும் என்பதற்காக.

பிறகு எடை. அலுமினியக் காம்பும் பிளாஸ்டிக் அலகும் சேர்ந்த துடுப்பு ஒரு கிலோவுக்கு மேல் போகும். கண்ணாடியிழையில் செய்தது ஏறக்குறைய ஒரு கிலோவுக்குள். கார்பன் இழை என்றால் முக்கால் கிலோ அளவில் கிடைக்கும். விலை பல மடங்கு. சில நூறு கிராம்களுக்கு இத்தனை பணமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 50 முறை துடுப்புப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 3,000 முறை. ஒவ்வொரு முறையும் 400 கிராம் கூடுதலாகத் தூக்குவதாகக் கொண்டால் மணிக்கு 1,200 கிலோ. கரையிலிருந்து புறப்படும்போது தெரியாத இந்த 1,200 கிலோ, திரும்பும்போது தோளில் வந்து உட்காரும்.

மீன்பிடிப்பவர்களுக்கென்றே சில நுணுக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. காம்பின் மேல் அளவுகோல் பொறித்திருப்பார்கள், பிடித்த மீனை அளப்பதற்கு. அலகின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், கிளையில் சிக்கிய தூண்டில் முள்ளை விடுவிப்பதற்கு. துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. மீன் இழுக்கும்போது இரண்டு கையும் தூண்டிலுக்குப் போய்விடும். துடுப்பு நழுவினால் அது மிதக்கத்தான் செய்யும், ஆனால் காற்று படகை அதைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். அலை உடையும் இடத்தில் மட்டும் அந்தக் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்கள். கவிழ்ந்தால் கழுத்திலோ காலிலோ சுற்றிக்கொள்ளும். காம்பில் இரண்டு ரப்பர் வளையங்களும் இருக்கும். தூக்கிய முனையிலிருந்து வழியும் நீர் காம்பு வழியாகக் கைக்கு வராமல் தடுத்துக் கீழே சொட்டவிடுவதற்கு. அடையாற்று நீரை நினைத்துக்கொண்டு பார்த்தால், எல்லாவற்றிலும் முக்கியமான கண்டுபிடிப்பு இந்த வளையம்தான் என்று தோன்றும்.

*

கயாக் என்பது வடதுருவத்தை ஒட்டிய இனுயிட் மக்களின் படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஒருவன் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்காரும் அமைப்பு. குளிர்ந்த நீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி மூடிக்கொள்வார்கள். கிரீன்லாந்துத் துடுப்புக்கு அவர்கள் வைத்திருந்த மரபான அளவு ஒன்றைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், அதோடு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு நீளம். நம் மொழியில் சொன்னால் ஒரு பாகமும் ஒரு முழமும். கடலின் ஆழத்தைப் பாகத்தால் அளந்தவர்கள் நம் கரையோரத்து மக்கள். பூவை முழத்தால் அளக்கிற ஊர் எங்கள் ஊர். ஆளுக்கு ஆள் மாறும் இந்த அளவுகளைப் பிழையானவை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கருவி ஒருவனுடைய உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்றால், அந்த உடம்பிலிருந்து எடுத்த அளவைக் காட்டிலும் துல்லியமானது வேறென்ன இருக்க முடியும்?

இன்று கடைகளில் விற்கும் மீன்பிடிக் கயாக் பெயரில் மட்டும்தான் இனுயிட். அதற்குள் யாரும் நுழைவதில்லை, மேலே உட்காருகிறார்கள். உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் கூடு; மேல்தளத்திலிருந்து அடி வரை ஊடுருவும் துளைகள். அலை ஏறி வந்தால் நீர் அந்தத் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். நிரம்பி மூழ்கும் பேச்சே இல்லை. இந்தத் தத்துவம் நமக்குப் புதிதன்று. இலகுவான மரங்கள் மூன்றோ ஐந்தோ ஏழோ, கயிற்றால் பிணைத்து, மேலே மண்டியிட்டு உட்கார்ந்து, அலை மேலேறி வந்தால் மரங்களின் இடுக்கு வழியே வடியவிட்டுப் போன மிதவை நம்முடைய கட்டுமரம். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் உலரவைப்பார்கள்.

1697இல் வெளியான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகைக் குறிக்கும் அளவுக்கு உருமாறிவிட்டது. சென்னைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். அந்தப் படகும் இறங்க முடியாத அலையில் கட்டுமரக்காரர்கள் போவார்கள். கடிதங்களை நனையாமல் தலைக்குல்லாய்க்குள் வைத்துக்கொண்டு போனதை அக்காலப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். மதராஸ் மாகாணத்தில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

தமிழில் எழுதப்பட்டதை எடுத்துக்கொண்டால், என் போன்ற வாசகர்களைக் கட்டுமரத்தில் ஏற்றிச் சென்றது ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. அது வெளிவந்தது 2004இல். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. அதன் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையோரமெங்கும் கட்டுமரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நல்ல மரம் கேரளத்திலிருந்து வர வேண்டும், விலை ஏறிக்கொண்டே போனது, எஞ்சின் வைத்த படகுக்கு மீன் அதிகம். பேரலை அந்த மாற்றத்தைத் துரிதமாக்கியது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கும் சட்டம், பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு அளிக்கிறது. கையால் செலுத்துவதற்கும் எஞ்சினால் செலுத்துவதற்கும் கடலைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டு என்பதைச் சட்டம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

*

அடையாற்றில் இரண்டு விதமான துடுப்புகள் உண்டு என்பதை இந்தத் தேடலின்போதுதான் கவனித்தேன். 1867இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப்பில் ஒடுங்கிய பந்தயப் படகுகள் இருக்கின்றன. அவற்றில் செலுத்துகோல் படகின் பக்கத்தில் ஒரு கொண்டியில் பொருத்தப்பட்டிருக்கும். செலுத்துபவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கோலைத் தன்னை நோக்கி வலிப்பார். பழந்தமிழில் இதைத் தண்டு வலித்தல் என்றார்கள். துடுப்பு வேறு. அது எதிலும் பொருத்தப்படுவதில்லை. கையில் மட்டும் இருப்பது. பிடித்திருப்பவர் முன்னே பார்த்துக்கொண்டு போவார். வரும் அலையை முகத்தோடு முகமாகச் சந்திக்க வேண்டியவனுக்கு முதுகு காட்டும் வசதி கிடையாது.

இரண்டாவது வகையைப் பார்க்க, ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போக வேண்டும். 1977 வெள்ளத்தில் சிதைந்து, இன்று 'உடைந்த பாலம்' என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தப் பாலத்தின் அருகில், அதிகாலையில் தெர்மாகோல் பாளங்களைப் பழைய வலையில் பொதிந்து கட்டி அதன் மேல் உட்கார்ந்து வலை விரிக்கிறவர்களைப் பார்க்கலாம். மடவை, ஜிலேபி, நண்டு, சில நாட்களில் இறால். நான் பார்த்த ஒருவர் கைக்கு ஒன்றாக இரண்டு சிறு பலகைத் துண்டுகளைப் பிடித்து, நீரைத் தள்ளித் தள்ளிப் போனார். நகரத்தின் சாக்கடையெல்லாம் வந்து சேரும் நீர் அது. ரப்பர் வளையம் எதுவும் அவர் கைக்கும் அதற்கும் நடுவில் இல்லை. கயாக் மீன்பிடிப்பு என்று நாம் அழகாகப் பெயரிட்டு அழைப்பதை, பெயர் எதுவும் இல்லாமல் பசிக்காகச் செய்துகொண்டிருப்பவர் அவர். பொழுதுபோக்குக்காகத் துடுப்பு தேடுகிற நான் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

*

அக்காவின் பயத்தைச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் அவள் குடும்பம் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் தரைத்தளத்தில் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் திறக்கப்பட்ட அந்த முதல் தேதி இரவில், ஆறு கரையைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதால் தப்பித்தார்கள். மறுநாள் பிற்பகல் தெருவுக்குள் ஒரு மீன்பிடிப் படகு வந்தது. எந்தக் குப்பத்துப் படகு என்று தெரியாது. அழைப்பு எதுவும் இல்லாமலே மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நகரத்துக்குள் இறக்கிய நாட்கள் அவை.

தெருவில் எஞ்சின் ஓட்ட முடியாது. நீருக்கடியில் கார்கள், மதில்கள், இரும்புக் கதவுகள். அந்தப் படகில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, முன்னால் ஒருவர் மூங்கில் கழியோடும் பின்னால் ஒருவர் துடுப்போடும் நின்றிருந்தார்கள். என் மருமகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மதில் சுவரில் படகு மோதப் போகும்போதெல்லாம் பின்னால் இருந்தவர் துடுப்பின் முனையை ஊன்றி மெல்லத் தள்ளிவிட்டது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறந்ததிலிருந்து சைக்கிள் விட்ட தெருவை ஒரு மனிதன் ஒரு மரத்துண்டால் கடந்துவிட்டதை அவன் பயத்தோடு பார்க்கவில்லை, வியப்போடு பார்த்திருக்கிறான். அன்று தொடங்கியதுதான் இந்தக் கயாக் ஆசை என்று இப்போது சொல்கிறான்.

அதே படகில் அதே நேரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நேர்ந்தது வேறு. அன்றிலிருந்து மழை வலுத்தால் அவள் தூங்குவதில்லை. "அவனுக்குத் தண்ணின்னா பயமே இல்லடா. எனக்கு அதுதான் பயம்" என்றாள். வாங்கப்போகும் துடுப்பு இந்த இருவரையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

*

பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்தில், கட்டுமரத்தில் பல ஆண்டுகள் தொழில் செய்து இப்போது வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரை நண்பர் மூலம் தெரிந்துகொண்டு, மருமகனையும் அழைத்துப் போனேன். செல்பேசியில் கயாக்கின் படத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மரம்தான். பிளாஸ்டிக்கு மரம்" என்றார். எவ்வளவு நீளத் துடுப்பு சரியாக இருக்கும் என்று கேட்டேன்.

"அது அப்புறம் சார். எங்க போப்போறாரு, எப்பத் திரும்பப்போறாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

முட்டுக்காட்டுக் கழிமுகம், பழகிய பிறகு கோவளம் பக்கம் கடல் என்றான் மருமகன்.

"போறதுக்குத் துடுப்பே வேணாம் தம்பி. காலைல கரைக்காத்து தானா தள்ளிக்கினு போயிடும். வர்றதுக்குத்தான் துடுப்பு."

பிறகு அவர் செய்ததைக் கடைகளில் யாரும் செய்ய மாட்டார்கள். கவிழ்த்து வைத்த மீன் கூடையின் மேல் அவனை உட்காரவைத்து, ஒரு மூங்கில் கழியைக் கையில் கொடுத்து, துடுப்புப் போடுவது போலவே இடமும் வலமும் போடச் சொன்னார். முதல் ஐந்து நிமிடம் அவன் கைகள் தலைக்கு மேலே போய் வந்தன. படங்களில் பார்த்த வீரனைப் போல இருந்தான். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை, வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழிந்தது. கைகள் மார்பளவுக்கு இறங்கின. இன்னும் கொஞ்ச நேரத்தில் விலா அளவுக்கு வந்தன. அப்போதுதான் தலைநிமிர்ந்து, "இப்பப் பாருங்க. இதான் இவரு அளவு" என்றார். கை ஓய்ந்த பிறகு எந்த உயரத்தில் துடுப்பு நிற்கிறதோ, அந்த உயரத்தில் அலகு நீரைத் தொட வேண்டும். புறப்படுகிறவனுக்கு எந்தத் துடுப்பும் சரியாக இருக்கும். களைத்தவனுக்குச் சரியாக இருப்பதே துடுப்பு. நான் ஒரு மாதம் படித்த அட்டவணைகள் படகின் அகலத்திலிருந்து வந்து சேர்ந்த இடத்துக்கு, அவர் ஒரு மூங்கில் கழியில், ஓய்ந்த கையிலிருந்து வந்து சேர்ந்தார்.

காற்றைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கோடையில் விடியற்காலை நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும். அதில் போய் இதில் வருவது கட்டுமரத்தின் நேரக்கணக்கு. கழிமுகத்தில் கணக்கு தலைகீழ்: காலையில் உள்நாட்டுப் பக்கம் துடுப்பு போட்டுப் போனவன், கடற்காற்று எழுந்த பிறகு பாலத்தை நோக்கி எதிர்காற்றில் வர வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது ஆனியும் ஆடியும். மேற்குக் காற்று காலையிலிருந்தே கடலை நோக்கித் தள்ளும். கடற்காற்று எழும்பத் தாமதமாகும், சில நாள் எழும்பவே எழும்பாது. கரையிலிருந்து பார்த்தால் அன்றைய கடல் தட்டையாக, அமைதியாக, வா என்று அழைப்பது போல இருக்கும். "அன்னிக்கு எறங்காத தம்பி" என்று இரண்டு முறை சொன்னார். அம்மியைத் தூக்கும் ஆடிக்காற்றைப் பற்றி நாம் சொல்லும் பழமொழி கரையில் நிற்கிறவனுக்கானது. மிதவையில் இருப்பவனுக்கு அது வேறு பொருள் தரும்.

உங்களிடம் பழைய துடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மரத்தை விற்றபோது துடுப்பும் போய்விட்டதாம். அவர் மகனின் கண்ணாடியிழைப் படகைக் காட்டினார். பலகைகளுக்கு அடியில், வலைகளுக்குக் கீழே, ஒரு துடுப்பு செருகியிருந்தது. எஞ்சின் நின்றுபோனால் எடுப்பதற்கு.

*

நாங்கள் வாங்கியது 250 சென்டிமீட்டர் துடுப்பு. அலகு நீண்டு ஒடுங்கியது. காம்பு கண்ணாடியிழை, மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கார்பனை விட்டதற்கு விலை மட்டும் காரணமல்ல. கழிமுகத்தில் சேற்றையும் பாறையையும் ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும். கார்பன் அலகின் விளிம்பு கல்லில் பட்டால் சிதறும். அலுமினியத்தை விட்டதற்குக் காரணம் எடையோடு உப்பும். காம்பு இரண்டாகக் கழலும் வகை என்பதால், ஒவ்வொரு முறையும் இணைப்பை நல்ல நீரில் கழுவியாக வேண்டும். மணல் சிக்கினால் கழற்ற முடியாமல் இறுகிப்போகும். நிறம் மஞ்சள். கறுப்புதான் அழகு என்றான் அவன். எதிரே எஞ்சின் படகில் வருகிறவனுக்கு, தாழ உட்கார்ந்திருக்கும் உன்னைவிட மேலே எழுந்து விழும் துடுப்புதான் முதலில் தெரியும் என்றேன். ஒத்துக்கொண்டான். மிதவைச் சட்டையும் ஒரு விசிலும் அக்காவின் பணத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறான். இதுவரை காம்பின் அளவுகோலில் வைத்து அளந்த மீன்களில் பெரியது 27 சென்டிமீட்டர் மடவை ஒன்று. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருகிறான். அக்கா மீனைப் பற்றிக் கேட்பதில்லை. எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்கினாய் என்று மட்டும் கேட்கிறாள். பத்து மணி என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் பத்து மணிக்குப் படகின் தலை பாலத்தை நோக்கித் திரும்பிவிட வேண்டும். சென்ற வாரம் பத்தே காலுக்குத்தான் திருப்பினானாம். அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், மறைத்திருந்தால் தெரிந்திருக்காது. அதனால்தான் அடுத்த ஞாயிறும் போகவிட்டாள்.